பாப்பிதாவின் லேப்டாப்பை இன்னும் ஆஃப் பண்ணவில்லை

பாப்பிதா போய்விட்டார்.

கொஞ்சம் முன்னால் அவர் மனைவி கூப்பிட்டார். "தோமார் பாப்பிதா ஆர் நேய்..." உன் பாப்பிதா இனி இல்லை. காலையில் டீ கையில் இருக்கும்போதே மாரடைப்பாம்.

இதை அவர் செய்துகொடுத்த லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். திரை விட்டுவிட்டு இருள்கிறது. முழுசாகப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும்... போன் பண்ணிக் கத்த இப்போது ஆள் இல்லை.

கொல்கத்தா ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். 'தா' என்றால் அண்ணன்தான். ஆனால் பாசமலர்கள் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன், தினம் சண்டை. லட்சுமி என்ற என் பெயர் அவர் வாயில் எப்போதும் 'லோக்கி'.

கம்பெனி இந்தக் கிளையை மூடியபோது இருவருக்கும் வேலை போனது. ஆபீஸ் லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

பாப்பிதா பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சாந்தினி மார்க்கெட்டில் அலைந்து, செத்துப்போன ஒன்றின் போர்டு, இன்னொன்றின் திரை, வேறு எதனுடையதோ கீபோர்டு... எல்லாவற்றையும் சேர்த்து இதைக் கொண்டுவந்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் மெஷின், லோக்கி!" பீற்றல் வேறு.

அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் மெஷின், எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருந்த அன்று காலையில் படுத்துவிட்டது. அந்த வேலையும் கிடைக்காவிட்டால் டாக்குரியாவில் இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு மதுரைக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

பாப்பிதாவுக்குப் போன் பண்ணினேன், பஸ்ஸில் இருந்தபடியே வழி சொன்னார். ரிப்பேருக்கென்று அவர் கொடுத்திருந்த பென் டிரைவைச் சொருகி, சொன்ன பட்டன்களை அழுத்தினேன். ஃபேன் அலறியது. திரை கும்மிருட்டு.

"ஆஃப் கோரோ நா!" என்று கத்தினார்.

ஆஃப் பண்ணிவிட்டேன்.

பெங்காலியில் 'கொரோ நா' என்றால் "பண்ணேன், ப்ளீஸ்". 'கோரோ நா' என்றால் "பண்ணாதே". என் மதுரைக் காதுக்கு இரண்டுமே கொரோனாதான்.

"ஷொர்போநாஷ்!" சர்வநாசம் என்று ஒரு அலறல். போன் கட்.

கரியாஹாட் டிராஃபிக்கிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் என் வீட்டுக்கு ஓடிவந்தார். மறுபடி பென் டிரைவ், மறுபடி இருட்டு.

ஒருவழியாக வெளிச்சம் வந்தது. வந்ததுமே திரை நடுங்க ஆரம்பித்தது. மடக்குகிற இடத்தில் வயர் லூஸ். பிரித்துப் பார்க்க நேரமில்லை, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாப்பிதா மேசைக்குப் பின்னால், கேமராவில் தெரியாமல் குத்தவைத்து உட்கார்ந்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பாதியில் அம்மா எட்டிப்பார்த்தாள். "யாருடி இந்த மனுசன், மேசைக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்திருக்காரு?"

இன்டர்வியூ எடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது... தப்பித்தேன்.

முடியும்வரை அவர் விரலை எடுக்கவே இல்லை. எடுத்தபோது அது வெளுத்துப்போயிருந்தது.

வேலை கிடைத்தது. "எல்லாம் என் மெஷினாலதான்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார். எரிச்சலாக வரும். இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.

இப்போது அதே இடத்தை என் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் அடிக்கிறேன். விட்டால் இருட்டு. கை கடுக்கிறது.

அவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இதை ஆஃப் பண்ண மட்டும் மனசு வரவில்லை.

'ஜாவ் நா' என்றால் "போயேன்". 'ஜேயோ நா' என்றால் "போகாதே". இந்தத் தடவை சரியாகத்தான் சொல்கிறேன்...

ஜேயோ நா, பாப்பிதா.