சிவப்பாகவே இருந்த டிசைன்-7

இது நடந்தது. எஸ்தர் இதை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதில் நானும் ஒருத்தி. மூன்று பேரிடமும் அவள் சொன்ன நேரங்கள் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. பயத்தில் உளறுகிறவர்களுக்கு நேரம் நினைவிருக்காது. எஸ்தருக்கு இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அவள் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை கம்பெனியின் ஆபீஸ். கீழே கணக்கு, பில்லிங். மாடியில் டிசைன் அறை. மொத்தம் நாற்பத்தோரு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஆள், எஸ்தர். வயது நாற்பத்து நான்கு.

மாதாமாதம் அந்த மெஷின்களின் ஓட்டைகளை அடைக்கிற அப்டேட்டுகள் வரும். பேட்ச் என்பார்கள். முப்பத்து நான்கு மெஷின் விண்டோஸ். அவற்றுக்குத் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே அனுப்பிவிடலாம். ஆறு மெஷின் மேக். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட வேண்டும். ஒன்று லினக்ஸ் சர்வர். அதைக் கடைசியில்தான் தொடலாம். ஆள் இருக்கும் நாளில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் கத்துவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை.

போன ஐப்பசியில் அது தொடர்ந்து மூன்றாவது ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. முழங்கால் வலி வேறு. ஆனால் தள்ளிப்போட முடியாத பேட்ச். ஊரில் இன்னொரு கம்பெனிக்குள் யாரோ புகுந்து அத்தனை டிசைன் கோப்புகளையும் பூட்டிவிட்டிருந்தார்கள். மேனேஜர் பாலாஜி சனிக்கிழமையே சொல்லிவிட்டார்.

"திங்கக்கெழம காலைல ஒண்ணுகூட செவப்பா இருக்கக் கூடாதும்மா."

அவள் திரையில் வேலை முடிந்த மெஷின் பச்சை. முடியாதது சிவப்பு.

காலை பத்து மணிக்கு வாட்ச்மேன் துரைக்கண்ணு கதவைத் திறந்துவிட்டார். தூறல். எஸ்தர் உட்கார்ந்தாள், அனுப்பினாள், காத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பச்சை ஆனது. எலுமிச்சை சாதத்தைப் பிரித்துவைத்து, பாதிக்கு மேல் இறங்காமல் மூடினாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு விண்டோஸில் ஒன்று மட்டும் சிவப்பு.

டிசைன்-7.

பக்கத்தில் ஒரு வரி. 'பயனர் தள்ளிவைத்தார். 12:04.'

தள்ளிவைப்பது புதிதல்ல. ரீஸ்டார்ட் செய்யவா என்று மெஷின் கேட்கும். 'பிறகு' என்று அமுக்கிக் காரணம் எழுதினால் அரை மணி நேரம் விட்டுவிடும். ஆனால் அமுக்க ஓர் ஆள் வேண்டும். இன்று ஞாயிறு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி மாறியது.

'பயனர் தள்ளிவைத்தார். 12:34. காரணம்: வேலை இருக்குது.'

எஸ்தர் வாசலுக்குப் போனாள்.

"துரைக்கண்ணுணா, மாடிக்கு யாருனா வந்தாங்களா?"

"யாரும் வர்லியேமா. சாவி எங்கிட்டதான இருக்குது."

டிசைன்-7 தனசேகரனுடையது. ஐம்பத்திரண்டு வயது. திருப்புட்குழியிலிருந்து பைக்கில் வருவார். அதிகம் பேசமாட்டார். எஸ்தருக்கு வாரத்தில் நான்கு வார்த்தை, அதில் ஒன்று 'சாப்டியாமா'.

சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். எப்படியும் மேக்குகளுக்காக ஏறித்தான் ஆக வேண்டும்.

அறை இருட்டாக இருந்தது. எல்லாத் திரைகளும் கறுப்பு. ஜன்னலோரத்தில் ஏழாம் மெஷின் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

டக்.

திரையில் ஒரு முந்தானை டிசைன், கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் சிவப்பாக நிரம்பியது.

டக்.

அடுத்த கட்டம்.

நாற்காலியில் யாரும் இல்லை. மவுஸ் அசையவில்லை. ஆனால் அதன் பொத்தான் அமுங்கும் சத்தம் மட்டும் வந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பேய் பயமல்ல. யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டான் என்ற பயம். இதற்குத்தானே இத்தனை ஞாயிறு போனது! குனிந்து மெஷினின் பின்னாலிருந்த நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். இனி வெளியாள் யாராலும் அதைத் தொட முடியாது.

கேபிள் அவள் கையில்.

டக்.

கட்டம் நிரம்பியது.

எஸ்தர் அந்த இடத்திலேயே நின்றாள். மணி 12:51.

ஒரு மணி பத்துக்குத் தனசேகரனுக்கு போன் போட்டாள். மணி அடித்தது. அடித்த நேரம் முழுக்க அந்த 'டக்' வரவில்லை. யாரும் எடுக்காமல் போன் ஓய்ந்தது.

டக்.

அப்போதே ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டேன். "அசதிக்கா," என்றாள். "ஓடிப் போனா மறுபடியும் வரணும். ஆறு மேக்கு பாக்கி. ஒண்ணொண்ணுக்கும் முக்கா மணி நேரம்." மெஷினில் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏழாம் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

இரண்டு மணி. இரண்டரை. முதுகுக்குப் பின்னால் சத்தம் நிற்கவேயில்லை. ஆனால் மெதுவாகிக்கொண்டு வந்தது. முதலில் நொடிக்கு ஒன்று. பிறகு இரண்டு நொடிக்கு ஒன்று.

மூன்று மணிக்குத் துரைக்கண்ணு டீ கொண்டுவந்தார். கையில் இரண்டு கிளாஸ்.

"எதுக்குணா ரெண்டு?"

"அவுருக்குதான்." அறையைச் சுற்றிப் பார்த்தார். "எங்க, காணோம்?"

"யாரு?"

"தனசேகரன் சாரு. இப்பதான கீழேர்ந்து பாத்தேன். ஜன்னலாண்ட குனிஞ்சி உக்காந்துக்கினு இருந்தாரே..."

எஸ்தர் ஏழாம் நாற்காலியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் படியிறங்கினார்.

4:04.

நான்காவது மேக்கில் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் சத்தம் மாறியது. கீபோர்டு.

திரும்பினாள்.

ஏழாம் திரையில் அந்தப் பெட்டி திறந்திருந்தது. பேட்ச் கேபிளைப் பிடுங்கும் முன்பே உள்ளே இறங்கியிருந்தது. ரீஸ்டார்ட் மட்டும்தான் பாக்கி. காரணம் கேட்கும் இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தனசேகரன் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ். எஸ்தர் கூட்டிப் படித்தாள்.

'பாப்பா வந்துக்கினு இருக்குது.'

பெட்டி மூடியது. மறுபடியும் டிசைன்.

டக்...

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினாள்.

டக்...

4:34. பெட்டி.

'கொஞ்ச நேரம்மா.'

அந்த 'மா' தனக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது. மீதி இரண்டு மேக்கையும் சேர்த்தே ஓடவிட்டிருந்தாள். அவை முடியும் நிலையில் இருந்தன.

4:36. அவள் போன் அடித்தது. பாலாஜி.

"முடிஞ்சிதாமா?"

"சர்வர விட்டா ஒண்ணே ஒண்ணு பாக்கி சார். தனசேகரன் அண்ணன் மெஷின். அது... தள்ளிக்கினே இருக்குது."

"வேல போச்சுன்னா போவட்டும், நான் சொல்லிக்கறேன். அமுக்கிடு."

போனை வைத்தாள். எழுந்து போய் ஏழாம் மெஷின் முன்னால் நின்றாள். நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியைத் திறந்தாள். மவுஸைப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது.

'இப்போதே ரீஸ்டார்ட்' பக்கம் அம்பைக் கொண்டுபோனாள். அம்பு நகர்ந்து 'பிறகு' பக்கம் போனது.

திரும்ப இழுத்தாள்.

அது திரும்பப் போனது. முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாக... கெஞ்சுகிற மாதிரி.

"போதும்," என்றாள் எஸ்தர், வாய்விட்டு. "என்னால முடியல. நான் வூட்டுக்குப் போவணும்."

இரண்டு கையாலும் மவுஸைப் பிடித்தாள்.

எதிர்ப்பக்கம் பலமே இல்லை.

அமுக்கினாள்.

திரை கறுத்தது.

4:41.

அறையில் சத்தமே இல்லை.

'அப்டேட் நடக்கிறது' என்று வந்தது. நூறு சதவீதம் ஆனது. கேபிளை மாட்டினாள். கீழே வந்து பார்த்தால் டிசைன்-7 பச்சை. சர்வரையும் முடித்துவிட்டு, ஆறரைக்குக் கூரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, இறங்கும் இடம் தாண்டித் தூங்கிப்போனாள். அன்றைக்கு அவள் மனசில் இருந்தது பயம்கூட இல்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான்.

திங்கள் காலை ஆபீஸ் வாசலில் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பாலாஜி அவளிடம் வந்தார்.

"தனசேகரன் போய்ட்டாரும்மா. நேத்து ஆக்சிடெண்டு."

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு, மழையில், நெடுஞ்சாலையில், ஒரு லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே நினைவில்லை. அன்று அவர் ஆபீஸ் பக்கமே வரவில்லை.

எஸ்தர் தன் திரையைத் திறந்து ஏழாம் மெஷினின் பதிவைப் பார்த்தாள். கேபிள் இல்லாத நேரத்தில் நடந்ததும் அதில் ஏறியிருந்தது. தள்ளிவைத்தவர் தனசேகரன், பத்துத் தடவை. கடைசி இரண்டிலும் அவள் படித்த அதே வார்த்தைகள். அவற்றுக்குக் கீழே ஒரு வரி. 'ரீஸ்டார்ட் செய்தவர்: எஸ்தர். 4:41.'

மதியம் எல்லோரும் துக்கத்துக்குப் போனார்கள். எஸ்தரும் போனாள். தனசேகரனின் மனைவி பெரியநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"டாக்டரு பன்னெண்டு மணிக்கே கைய விரிச்சிட்டாரு எஸ்தரு. இன்னும் கொஞ்ச நேரந்தான்னாரு. ஆனா போவல அவுரு. இழுத்துப் புடிச்சிக்கினே இருந்தாரு. பொண்ணு ரேவதி ஓசூர்லேர்ந்து வந்துக்கினு இருந்திச்சி. நாலு தாண்டி ஒரு மூணு நிமிசம் இருக்கும், காதாண்ட குனிஞ்சி சொன்னேன், பாப்பா வந்துக்கினு இருக்குதுன்னு. அப்பறம் கொஞ்சம் தெம்பா மூச்சு வாங்குனாரும்மா. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

எஸ்தர் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"எத்தினி மணிக்குக்கா?"

"நாலு நாப்பத்தொண்ணு. நல்லாத்தான் போயிக்கினு இருந்திச்சி. யாரோ சுச்ச அணைச்ச மாதிரி அப்படியே நின்னுபோச்சி."

மூலையில் ரேவதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெரியநாயகி அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது வந்து எறங்கும்போது நாலு அம்பதும்மா."