எந்தத் தெரு மசாலா

கடையில் வாங்கிய மசாலாவை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. மிளகாய்த் தூள் என்றால் அதில் செங்கல் பொடி, மல்லித் தூள் என்றால் மரத்தூள், மஞ்சள் தூள் என்றால் பாதி சாயம் என்பது என் கட்சி. பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு, அடியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பேன். "போலீசுல சேர வேண்டியவ நீ, டைப் அடிச்சிக்கினு கெடக்கற" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, தட்டில் எது விழுந்தாலும் சாப்பிடுகிற மனுஷர்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலையில் போனால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். மாமியாருக்கோ அம்மியில் அரைத்து வைத்தால்தான் அது குழம்பு. தூள் போட்டு வைத்தால், "இது இன்னாடி, கஷாயமா?" என்று தட்டை நகர்த்திவிடுவார். மிளகாய் அரைத்த விரல்களோடு மறுநாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எரியும். மறந்துபோய்க் கண்ணைத் தொட்டுவிட்டேனோ, போச்சு. "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று அதிகாரியே ஒருமுறை எழுந்து வந்து கேட்டார்.

இதற்கு வழி தேடும்போதுதான் சந்தைக்குத் திரும்புகிற முனையில் அந்த இரண்டு பேரைப் பார்த்தேன். சாக்குப் படுதாவுக்குக் கீழே ஒருத்தி தலையை நிமிர்த்தாமல் அம்மியில் அரைத்துக்கொண்டே இருப்பாள். சின்ன வயசு. அவளுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்து, அரைத்த விழுதை உருண்டை பிடித்து வாழையிலைத் துண்டுகளில் வைத்து விற்பார். மூன்று வகை உண்டு. சோம்பு, பட்டை, கசகசா எல்லாம் சேர்ந்த கறி மசாலா. சீரகமும் பூண்டும் தூக்கலாக வைத்து, சோம்பைக் கிட்டவே சேர்க்காத மீன் மசாலா. மல்லியை வறுத்துத் தேங்காயோடு அரைத்த குழம்பு மசாலா.

இதில் எதை வாங்குவது? என் மண்டைக்குள் பெரிய விசாரணையே நடந்தது. தேங்காய் சேர்த்தது சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். நேற்று விற்காததை இன்றைய விழுதோடு பிசைந்து வைத்திருந்தால் யார் கண்டது? வறுத்து அரைத்ததிலோ பூச்சி அரித்த மல்லியைக்கூட வறுத்து மறைத்துவிடலாம். மீன் மசாலாவில் பூண்டு நெடியில் எதுவும் தெரியாது. பச்சையாக அரைக்கிற கறி மசாலாவில்தான் ஏமாற்ற இடம் கம்மி என்று தீர்மானித்தேன். அதையும் சும்மா வாங்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து போய் விரலில் தேய்த்தேன், முகர்ந்தேன், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.

"மோந்து பாத்தே பாதி உருண்டைய தீத்துடுவ போலக்குதே, பாப்பா" என்று அந்த அம்மா சிரித்தார்.

"கண்டதையும் கலக்கறாங்களே, யக்கா."

"கலக்கறவங்க கலக்கட்டும். எங்கிட்ட கலக்கறதுக்குத் தண்ணியத் தவிர வேற இன்னா கீது?"

அன்றைக்கு வாங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மசாலா. உருளைக்கிழங்கில் போட்டால்கூடக் கறிக்குழம்பு மாதிரி மணக்கும். டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் அம்மியில் ஒரு விரல் விழுதைத் தடவி, குழவியை நாலு தரம் கடகடவென்று உருட்டிக் கழுவிவிடுவேன். "இப்பதான்டி ஒனக்குக் கைப்பக்குவம் வந்துகீது" என்று மாமியார் மெச்சுவார். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். பக்கத்து வீட்டுக்காரி வந்தால்கூட என் டிபன் பாக்ஸைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது அந்தச் சமயத்தில்தான். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. போராடியவர்கள் எங்கள் ஆட்கள்தான். என் கொழுந்தனாரும் கோடாலியோடு போனவர்தான். எங்கேயோ காலனியில் கூரைகள் எரிந்தன என்று செய்தி வரும். எது நிஜம், எது புரளி என்று தெரியாது. அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு மூலையாகப் பிரிந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரை "எந்தத் தெரு?" என்று கேட்டால் அது விலாசம் கேட்பதில்லை. சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். அந்த நாட்களில் டீக்கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே பார்த்தாலும் அந்தக் கேள்விதான்.

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அதுவரை மசாலாவைச் சந்தேகப்பட்டவள், ஆளைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். கொழுந்தனார் மரம் வெட்டிவிட்டு வந்து என் குழம்பை வழித்துச் சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மசாலா யார் அரைத்தது என்று தெரிந்தால் இந்த வீட்டில் என்னை வைத்திருப்பார்களா? யார் அரைத்தது என்று எனக்கே தெரியாதே! இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு ஏது அந்தப் பொறுமை? ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கும்போது கேட்டேன்.

"யக்கா, நீங்க எந்தத் தெருங்க?"

உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "வாங்க வந்தது மசாலாவா, தெருவா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கற கேள்வியா பாப்பா இது?"

பின்னால் குழவிச் சத்தமும் நின்றுவிட்டது. அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை, அம்மியின் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் பதிலுக்காக நின்றோம். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் கையிலெடுத்த இலையை மெதுவாகத் திரும்ப வைத்தாள். இன்னொருத்தி, "பையன் அழுவான், அப்பறம் வரேன்" என்று நகர்ந்தாள். நானும் வாங்காமல் திரும்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் சொல்லவில்லை? பார்த்தாயா, கண்டுபிடித்துவிட்டேன்!

பேச்சு சந்தை முழுக்கப் பரவிவிட்டது. நாலைந்து நாள் அந்தப் பக்கம் போகும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். உருண்டைகள் இலையிலேயே காய்ந்து கிடக்கும், ஈ மொய்க்கும். அந்த அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். பிறகு ஒரு நாள் படுதா இல்லை, அம்மியும் இல்லை.

வீட்டில் நானே அரைத்தேன். ஒரு வாய் வைத்ததுமே மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாடி, கை மாறின மாரி கீது?"

"மொளகா வேற, அத்தே" என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. எனக்கு விரல்கள் பழையபடி எரிந்தன.

பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, திருக்கோவிலூர் போகிற வழியில் இருந்த மாமியாரின் பிறந்த ஊருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். பந்தலுக்குப் பின்னால் அடுப்படியில் கரண்டியோடு நிற்கிறார் அந்த மசாலா அம்மா. இவர் எப்படி இங்கே, இவரை யார் உள்ளே விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் மாமியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா! எத்தினி வருசமாச்சி ஒன்னப் பாத்து!" என்றவர் என்னிடம் திரும்பி, "எங்க சொந்தப் பெரியப்பா பொண்ணு. வூட்டுக்காரரு போனதும் எங்கியோ பொழைக்கப் போச்சின்னாங்க, எங்கன்னே தெரியில. ஒனக்குப் பெரியத்த மொற. கால்ல வுழு" என்றார்.

விழுந்தேன். "நல்லா இரு" என்றார், முன்பின் பார்க்காதவளிடம் சொல்வது மாதிரி. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மாமியார் சீர்த் தட்டுப் பக்கம் போனதும் அடுப்பு ஓரமாக நெருங்கினேன்.

"பெரியத்தே, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! நம்ம தெருதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒருத்தரும் போயிருக்க மாட்டாங்களே."

"போயிருக்க மாட்டாங்க. அப்பறம் இன்னா கேட்டிருப்ப?"

குழம்பை ஒரு தரம் கிளறிவிட்டு அவரே சொன்னார்.

"அம்மிகிட்ட ஒக்காந்துக்கினு இருக்கறவ எந்தத் தெருன்னு கேட்டிருப்ப. நான் சொல்லிட்டு அவ சொல்லாம இருந்தா, எல்லாரும் அவளத்தான பாத்திருப்பீங்க?"

அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டிருப்பேன், அடுத்த மூச்சிலேயே கேட்டிருப்பேன். தான் இப்போது ஏதோ ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுவதாகப் பெரியத்தை சொன்னார். கரண்டி பிடித்திருந்த அவர் விரல்களெல்லாம் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"திரும்பக் கடை போடுங்க, பெரியத்தே. எங்க பெரியத்தைன்னு நானே எல்லாருகிட்டயும் சொல்றேன்."

"சொல்லுவ. எனக்கு யாவாரம் வந்துடும். அவளுக்கு?"

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். "எதுக்கு? எந்தத் தெருன்னு தெரிஞ்சிக்கவா?"

இல்லவே இல்லை, பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே, ஏதாவது செய்யலாமே என்றுதான் கேட்டேன். இன்றைக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று அந்த அடுப்படியில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் குழம்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைய பந்தியில் எனக்கும் அவர்தான் பரிமாறினார், எல்லோருக்கும் போட்ட அளவுதான் போட்டார்.