வலது, கீழ், நாலு

ஒரு வாயில் முப்பத்திரண்டு பல் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லுவதில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டிரஸ்ஸராக இருந்த ஏழு வருஷத்தில், நாற்பது வயதைத் தாண்டியும் முப்பத்திரண்டையும் குறையாமல் வைத்திருந்தவர்கள் என் முன்னால் பதினெட்டுப் பேர்தான் வாயைத் திறந்தார்கள். அவர்களில் பதினோரு பேர் உவரியிலிருந்து மீன் கொண்டுவந்தவர்கள். ஏன் அப்படி என்பது எனக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியும். இப்போது பல் வைத்தியம் படித்துவிட்டு என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகளிடம் இன்று எத்தனை பல் எடுத்தாய் என்று கேட்டால், "நிறைய" என்கிறார்கள். நிறைய என்பது ஓர் எண்ணா?

டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவன். எங்கள் டாக்டருக்குப் பல் என்றால் இளக்காரம். வயிற்றை அறுத்துத் தைக்கத் தெரிந்த மனிதர் எச்சிலில் கை வைப்பதா என்று அவருக்கு எண்ணம். ஆகவே பல்வலி என்று யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார். ஜில்லா முழுவதிலும் பல்லுக்கென்று படித்தவர் ஒருவரும் கிடையாது. அதைப் படிக்க நாட்டிலேயே ஒரு கல்லூரி கிடையாது. சந்தையில் நாவிதர் பிடுங்குவார், ஆஸ்பத்திரியில் நான் பிடுங்குவேன். என்னிடம் மூன்று குறடுகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. பிடுங்கிய ஒவ்வொரு பல்லுக்கும் அதில் ஒரு வரி.

நோட்டில் எழுத எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று, அதற்கு முன்னது இரண்டு என்று வந்து, நடுவில் உள்ள முன்பல் எட்டு. வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து எண்ணுவதே நியாயம் என்று எனக்குப் பட்டது. வேறு மாதிரி எண்ணலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

முதல் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, சீமையில் பல் வைத்தியம் படித்துவிட்டு மதராஸில் தொழில் நடத்திய ஒருவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, பங்களாவில் தங்கி, துரைமார் குடும்பங்களுக்கு மூன்று நாள் வைத்தியம் செய்துவிட்டுப் போகிறவர். அந்தத் தடவை எங்கள் டாக்டர் கேட்டுக்கொண்டதால் ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரிக்கும் வந்தார். நாற்பத்தொரு வாய் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் காட்டினேன்.

அன்றுதான் ஒரு பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதைப் பார்த்தேன். தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு துளைகருவி கொண்டுவந்திருந்தார். ஒரு வாத்தியாரின் கடைவாய்ப் பல்லில் சொத்தையைக் குடைந்து எடுத்து, வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் உள்ளங்கையில் குழைத்து அடைத்தார். இருபத்தாறு நிமிஷம். வாத்தியார் எழுந்து பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஏழு வருஷமாக நான் நோட்டில் எழுதியிருந்த ஆயிரத்து இருநூற்று ஏழில் எத்தனையை இப்படி வைத்திருக்கலாம் என்று அங்கேயே நின்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன்.

கூட்டம் குறைந்ததும், அவரிடம் கற்றுக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். என் நோட்டை வாங்கிப் புரட்டினார். உதவிக்கு ஓர் ஆள் தமக்கு வேண்டும் என்றார். மூன்று வருஷம் கூடவே நின்றால் அடைக்கவும், பல் செட் செய்யவும், நெருக்கிக்கொண்டு முளைத்த பற்களை ஒழுங்குபடுத்தவும் சொல்லித் தருவாராம். ஆனால் என் கை எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி ஒருவர் வலது கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார். பதினான்கு தறி வைத்திருந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வீக்கத்தில் வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மதராஸ்காரர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் "வலது, கீழ், 4" என்று எழுதி என்னிடம் கொடுத்தார். வீக்கம் வடிந்ததும் அந்தப் பல்லை எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். வேர் முறியாமல் வந்திருந்தால் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் வியாபாரி வந்தார். வெற்றிலைக் காவியில் அவர் பற்கள் எல்லாம் ஒரே கறுப்பு. மரத்துப்போகும் மருந்தைப் பஞ்சில் வைத்தேன். பின்னாலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குறட்டை வைத்தபோது அவர் என்னவோ சொல்ல வந்தார். வாயில் என் விரல்கள் இருந்ததால் அது வெறும் முனகலாக வந்தது. வலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பைய அசைத்து, முறுக்காமல், நேராக மேலே எடுத்தேன். என் ஏழு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு பல் வந்ததில்லை. நீளமான ஒற்றை வேர், நுனி வரைக்கும் முழுசாக இருந்தது. மதராஸ் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தண்ணீரில் கழுவினேன். காவி போனதும் பல் வெள்ளையாக இருந்தது. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

கண்ணாடியை மறுபடியும் அவர் வாய்க்குள் விட்டேன். நான் எடுத்த பல்லுக்கு முன்னால் இருந்த பல்லின் பின்பக்கத்தில், இத்தனை நாள் இடுக்கில் மறைந்திருந்த குழி ஒன்று இப்போது கறுப்பாகத் தெரிந்தது. முன்னாலிருந்து எண்ணினால் அதுதான் நாலு. அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மதராஸ்காரர் அன்று காலையில் முன்பல் உடைந்த ஒரு பெண்ணுக்கு "1" என்று எழுதியதை நான் பார்த்திருந்தேன். அவள் வரிசையில் முதலாவதாக வந்தவள். அது வரிசை எண் என்று நான் நினைத்துவிட்டேன்.

வெளியே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. இரண்டு பல் கெட்டிருந்தது என்று சொல்லி அடுத்ததையும் எடுத்துவிடு, நல்லதை மதராஸுக்கு அனுப்பு, வலி போனால் அவருக்குப் போதும், வேலை கிடைத்தால் உனக்குப் போதும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல. தாலுகா ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வியாபாரி கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார்.

"என்னவே, வலி போவலியே," என்றார். "இருந்த எடத்துலயேல்லா இருக்கு."

"மொதலாளி, நான் எடுத்தது நல்ல பல்லு. கெட்டது அதுக்குப் பக்கத்துல இருக்கு. தப்பு என்னுது."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்லா? எது வலிக்குதுன்னு எம் நாக்குக்குத் தெரியும்வே."

"சொன்னீங்க. எனக்குக் கேக்கல."

"கேக்கலியா, கேட்டுக்கிடலியா?" அவர் விடவில்லை. "எல்லாத்தையும் எண்ணுத ஆளுன்னு ஊரே சொல்லுது. ஆஸ்பத்திரிப் படி எத்தனன்னு கேட்டாக்கூடச் சொல்லுவீராம். நாலு பல்லு எண்ணத் தெரியலியே உமக்கு."

"படி ஒம்பது," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் வலியோடு சிரித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, சொத்தைப் பல்லின் மேல் தம் விரலையே வைத்துக் காட்டினார். அந்த விரலைத் தொட்ட பிறகுதான் குறட்டை வைக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்படியே செய்தேன். சொத்தை ஆழமாகப் போயிருந்ததால் பல் உச்சியில் நொறுங்கியது. வேரைத் தனியாகத் தோண்டி எடுத்தேன். மூன்று துண்டு.

வலி நின்றது. அவர் கையை நீட்டி இரண்டு பல்லையும் கேட்டார். உடம்பிலிருந்து விழுந்ததை மண்ணில் புதைப்பது முஸ்லிம்களான அவர்கள் வழக்கம். மதராஸ் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். என் கை எப்படி என்று காட்ட வேண்டியிருக்கிறது, முழுசாக வந்ததை மட்டும் இரவல் கொடுங்கள் என்று கேட்டேன்.

"எங்க வாப்பா நகம் வெட்டினாக்கூடப் பொதைப்பாவ," என்றார். "கெட்டுப்போனத வேணும்னா கொண்டு போம். அவரு பாத்து முடிஞ்சதும் திரும்பி வந்துரணும். நல்லது என்னவே தப்பு செஞ்சுது? அத நான் தர மாட்டேன்."

வெள்ளைப் பல்லைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு போய்விட்டார். என் கையின் திறமைக்கு இருந்த ஒரே அத்தாட்சி மேலப்பாளையத்துக்கு நடந்து போயிற்று.

மூன்று துண்டையும் பஞ்சில் வைத்து, தகரச் சிமிழில் அடைத்து, கூடவே நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். எப்படி எண்ணினேன், ஏன் அப்படி எண்ணினேன், நல்ல பல் எங்கே போயிற்று என்று ஒன்றும் விடவில்லை. நல்ல பல்லை நினைவிலிருந்து வரைந்து அளவும் குறித்தேன். டாக்டர் படித்துவிட்டு, நீ மதராஸ் போன மாதிரிதான் என்றார். தபாலுக்குப் பத்தொன்பது நாள் காத்திருந்தேன். அந்த நாட்களில் யாரையும் பின்னாலிருந்து எண்ணவில்லை. வந்தவர்களையே விரலை வாய்க்குள் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

சிமிழ் திரும்பி வந்தது, கடிதத்தோடு. எங்கேயிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லாமல் ரயில் ஏறியது தம்முடைய பிழை என்று எழுதியிருந்தார். சீமையில் தமக்கு முதல் நாள் முதல் பாடம் அதுதானாம். இங்கே ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஒருவன் தவறினால் அடுத்தவனுக்குத் தெரிய வழியில்லை. தெரியும்படி எழுதுகிறவன் தமக்கு வேண்டும் என்றார். சித்திரையில் வரலாம். முதல் ஆறு மாதம் குறட்டைத் தொடக் கூடாது. வாய்களைப் பார்த்து எண்ணி வரைய வேண்டும். கடிதத்தின் அடியில் ஒரு சிலுவைக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் நடுவிலிருந்து ஒன்று முதல் எட்டு வரைக்கும் எழுதியிருந்தார். அந்தக் கோட்டைத்தான் பின்னால் நான் சொல்லிக் கொடுத்த அறுபத்திரண்டு பேருக்கும் முதல் நாள் போட்டுக் காட்டினேன். அவர்களில் ஒருவனும் எண்ணிக்கையில் தவறவில்லை. மற்றவற்றில் தவறியிருக்கலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

சித்திரைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சிமிழை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். வியாபாரி தறிச்சாலையிலிருந்து எழுந்து வந்தார். கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கொல்லையில் மாதுளைச் செடியைக் காட்டினார்.

"ஒம்ம பரீச்சைக்குப் போக வேண்டிய பல்லு அங்கன கெடக்கு. ஒடஞ்சதக் காட்டியா பாஸானீரு?"

ஆமாம் என்றேன்.

"அப்பம் அந்தப் பட்டணத்துக்காரருக்கும் எண்ணத் தெரியாது போல."

குச்சியால் குழி தோண்டி மூன்று துண்டையும் நான் பார்க்கப் போட்டு மூடினார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, வாயைத் திறந்து, கீழ்ப்பல் வரிசையின் நடுவில் விரலை வைத்தார். எண்ணச் சொல்கிறார் என்று புரிந்தது. உரக்க எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாம் இடம் காலி. ஐந்தாம் இடமும் காலி. ஆறு நல்ல உறுதியாக இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று சொன்னேன்.

அவர் அவசரமாக வாயை மூடிக்கொண்டார்.

"அது அங்கனயே இருக்கட்டும்வே. நீரு போயி ரயிலப் பிடியும்."