காட்டு, தேடு, தூக்கு

அந்தக் காலத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு இரும்புலியூரில் அப்பா சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லினக்ஸிலிருந்து வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. ஊரே மவுஸைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்துக் கம்ப்யூட்டரை வேலை வாங்கினேன். அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கவும் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. அஸ்தினாபுரத்தில் இருந்த என் கல்லூரி நண்பனுடையது. அவனுடைய அண்ணன் ஆபீசில் கழித்துக்கட்டிய பெட்டி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மானிட்டர். மானிட்டரின் ஒரு மூலை எப்போதும் பச்சையடித்திருக்கும். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போட்டவன் நான். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அப்படி அந்தப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது.

லினக்ஸில் எல்லாம் சுருக்கெழுத்து. கோப்புகளைப் பார்க்க எல்.எஸ்., அழிக்க ஆர்.எம்., ஒரு சொல்லைத் தேட கிரெப். இந்தக் கட்டளைகளுக்கு நாமே பட்டப்பெயர் வைத்துக்கொள்ளலாம், அலையஸ் என்று பெயர். அது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கை நிற்கவில்லை. எல்.எஸ்.ஸுக்குக் 'காட்டு' என்று வைத்தேன். கிரெப் 'தேடு', ஆர்.எம். 'தூக்கு', கோப்பின் பெயரை மாற்றுவது 'மாத்து'. எல்லாம் தமிழ் வார்த்தைகள், ஆங்கில எழுத்தில். அடுத்து வண்ணங்கள். நாம் அடிப்பதற்காகத் திரை காத்திருக்கும் இடத்தில் வெறும் டாலர் குறிதான் இருக்கும். அதையும் மாற்றி, என் கணக்கில் 'சொல்லுங்க சார்' என்றும் நண்பன் கணக்கில் 'இன்னா மச்சான்' என்றும் வரவைத்தேன். சிவப்பு அந்த மானிட்டரில் எடுபடாததால் மஞ்சள். வண்ணத்துக்கான குறிகளில் ஏதோ தப்புச் செய்ததில், நீளமாக அடித்தால் வரி மடங்கித் தன் மேலேயே ஏறிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஓடியது. அந்த வாரத்தில் ஒழுங்காக நாலு கட்டளை படித்திருக்கலாம்.

நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். அவனுக்கு வண்ணத்தில் எல்லாம் ஆசை இல்லை, வேலை கிடைத்தால் போதும். ஒருநாள் கேட்டான்.

"மச்சான், இந்தக் காட்டு, தேடு இதுக்கெல்லாம் நெஜப் பேரு இன்னா?"

"உன்னை வூட்டுல நெஜப் பேரு சொல்லியா கூப்பிடுறாங்க? கூப்பிட்டா வர்றல்ல? அவ்ளோதான்."

அவன் சிரித்தான். வீட்டில் அவனைக் கூப்பிடும் பெயரை வைத்துக் கல்லூரி முழுக்கக் கிண்டல் செய்தவனே நான்தான். அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை. காட்டு, தேடு, தூக்கு என்று அடித்துப் பழகினான். என்னைவிட வேகமாகவே அடித்தான்.

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் ஒரு சின்னக் கம்பெனி லினக்ஸ் தெரிந்த பையன்களைத் தேடியது. இருந்தது ஒரே இடம். நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம், இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். 'ரெண்டு பேர்ல யாருக்குக் கெடச்சாலும் சரி' என்று ரயிலில் அவன் சொன்னான். நானும் சொன்னேன். அவன் உண்மையாகவே சொன்னான் என்று நினைக்கிறேன்.

மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஒவ்வொருவராக அழைத்தார்கள். அவன் முதலில் போனான். போன வேகத்தில் வெளியே வந்து என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனான். முகம் வேர்த்திருந்தது, ஆனால் சிரிக்கப் பார்த்தான்.

"மச்சான், அங்க நம்ம பேரு எதுவும் கெடையாது. நெஜப் பேருதான். நான் காட்டுன்னு அடிச்சேன், அப்படி ஒண்ணு இல்லன்னுச்சு. ஸ்பெல்லிங் தப்புன்னு நெனச்சு மறுபடி மறுபடி அடிச்சிக்கினே இருந்தேன். நீ மாட்டிக்காத. உள்ள போனதும் ஞாபகம் வெச்சுக்கோ."

பட்டப்பெயர்கள் நாங்கள் எழுதி வைத்த பெட்டியில் மட்டும்தான் இருக்கும், இன்னொரு பெட்டிக்கு அவை தெரியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெரிய கோப்பைத் திறந்து, பிழை வந்த வரிகளை மட்டும் எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னார்கள். என் விரல் பழக்கத்தில் 'காட்டு'வின் முதல் எழுத்தான கே-யில் போய் நின்றது. அவன் சொன்னது நினைவுக்கு வந்து, எடுத்து எல்.எஸ். என்று அடித்தேன். பிறகு கிரெப். மளமளவென்று முடித்தேன்.

அவர்களில் மூத்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பரவாயில்ல தம்பி. உனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான், காட்டு காட்டுன்னு கம்ப்யூட்டரைக் கெஞ்சினு இருந்தான். அது எதைக் காட்டும்?"

இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. 'சார், அது நான் வைத்த பேரு, அவனுக்கு வேலை தெரியும்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும். சொல்லியிருந்தால் அவனை மறுபடி கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ. என்னைத் திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரச் சொன்னார்கள். நன்றி சார் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவன் சந்தையில் பழைய ரேடியோக்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். வேலை கிடைத்ததைச் சொன்னதும் நடுச்சந்தையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நேராக அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா சுடச்சுடக் கேசரி கிண்டிக் கொடுத்தார். தனக்குக் கிடைக்கவில்லை என்பதை அவன் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டான். நான் கேசரியைத் தட்டில் கிளறிக்கொண்டிருந்தேன்.

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டான். பச்சை மூலைக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் 'இன்னா மச்சான்' வந்து நின்றது.

"எல்லாத்தையும் எடுத்துடறேன்டா. நெஜப் பேரையே வெச்சுடலாம்" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். நெஜப் பேரை நான் படிச்சுக்கறேன். இது நமக்குன்னு நீ செஞ்சது." விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உள்ள என்னைப் பார்த்து சிரிச்சாங்க. கொஞ்சம் பேஜாரா பூட்ச்சு. நீ மட்டும் அங்க இருந்திருந்தா சொல்லிருப்பே, சார் இது நாங்க வெச்ச பேருன்னு."

அவன் காட்டு என்று அடித்தான். அது காட்டியது.