திருவிருந்துக்கு மூன்றாவது ஆள்

கேத்தரினுக்கு எழுபத்தோராவது வயசில் ஒரே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஜீவனஹள்ளிச் சின்னக் கோயிலை இழுத்துப் பூட்டிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். அவர்கள் சபையின் ஜெபப் புத்தகத்தில் ஒரு சட்டம் உண்டு. திருவிருந்து நடக்க வேண்டுமானால் பாதிரியாரைத் தவிர மூன்று பேராவது வந்து முழங்கால் போட வேண்டும். மூன்று பேர் இல்லையென்றால் அப்பமும் கிடையாது, திராட்சை ரசமும் கிடையாது. வருகிறவர்கள் முதல் நாள் சனிக்கிழமையே பாதிரியாரிடம் பேர் கொடுத்துவிட வேண்டும். ஒரு காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பேர் கொடுக்க வந்தவர்களின் செருப்பு கோயில் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். இப்போது மிச்சம் இரண்டே பேர். ஒன்று கேத்தரின். இன்னொன்று ஆம்ப்ரோஸ், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயரான கிழவர். காது சுத்த மந்தம். பிரசங்கம் முழுக்கப் பலமாகத் தலையாட்டுவார், ஒரு வார்த்தை உள்ளே போயிருக்காது. மூன்றாவதாக இருந்த விதவை மௌரீன் நவம்பரில் கண்ணை மூடினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கே திருவிருந்து நடக்கவில்லை.

மாதம் ஒரு தரம் சைக்கிளில் வருகிற ஜெயராஜ் பாதிரியார் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். மென்று முழுங்கிக்கொண்டுதான் சொன்னார்.

“கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்கம்மா. ஈஸ்டருக்கும் நடக்கலன்னா மூடிடறதுன்னு. உங்களைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஜட்காவுக்குச் சொல்லி வைக்கிறேன்.”

“ஆள் கொண்டாந்தா?”

“கொண்டாந்தா மூட விடமாட்டேன். அது என் பொறுப்பு.”

ஜட்காவில் போய்ப் பெரிய கோயிலில் உட்காருவதாம்! ஜோடு போட்ட ஜனங்களுக்கு நடுவில், இங்கிலீஷ் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டு. கேத்தரினுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சின்னக் கோயில்தான் அவளுக்குத் தாய் வீடு, புகுந்த வீடு எல்லாம். எழுபத்தேழாம் வருஷத்துத் தாது பஞ்சத்தில், அஞ்சு வயசில், சேலம் ரஸ்தாவில் பொறுக்கியெடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து மிஷன் அநாதைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட பிள்ளை அவள். அப்பன் பேர் தெரியாது, ஊர்ப் பேர் தெரியாது. கேத்தரின் என்பதே ஒரு வெள்ளைக்கார அம்மாள் வைத்த பேர். பதினெட்டு வயசில் மிஷன் அச்சாபீஸ்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றே வருஷத்தில் அவன் மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. அதற்கப்புறம் அவளை பைபிள் உமன் வேலைக்கு வைத்தார்கள்.

பைபிள் உமன் என்றால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கக்கத்தில் வேதப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிறவள். வாசிக்கத் தெரியாத பெண்டுகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஜெபம் பண்ண வேண்டும். இதெல்லாம் வெளியே தெரிகிற வேலை. வெளியே தெரியாத வேலை ஒன்றும் உண்டு. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பாதிரியார் பங்களாவில் போய்ச் சொல்ல வேண்டும். அதில் கேத்தரின் கெட்டிக்காரி. அவள் மூக்கு நுழையாத அடுப்படி கிடையாது. எவன் கள்ளுக்கடைப் பக்கம் போனான், எவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு கரகம் பார்க்கப் போனாள், எந்த வீட்டுப் பெண்ணுக்கு ரோமன் கத்தோலிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எல்லாம் திங்கட்கிழமை காலையில் பங்களாவுக்குப் போய்விடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் அந்தப் பேர் வாசிக்கப்படும். எழுந்து நின்று தப்பை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. இல்லாவிட்டால் திருவிருந்து நிறுத்தம்.

பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வாந்திபேதி வந்த வீட்டில் மற்றவர்கள் எட்டிப் பார்க்காதபோது மலம் அள்ளிப் போட்டவள் அவள். ஆத்துமாவையும் அப்படித்தான் சுத்தம் பண்ண வேண்டும் என்று நினைத்தாள். யார் மேலும் வன்மம் கிடையாது. அந்த மாதிரி ஆள்தான் ஊருக்குப் பெரிய ஆபத்து.

சபை ஏன் கரைந்தது என்று கேட்டால் கடகடவென்று சொல்லுவாள். பாதிப் பேர் கோலார் தங்க வயலுக்குப் போய்விட்டார்கள். படித்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஆராதனைதான் வேண்டியிருக்கிறது. கூடாரம் போட்டுக் கைதட்டிப் பாடுகிறவர்கள் பின்னால் கொஞ்சம் போனது. உலக யுத்தம் வந்த பிறகு ஃபாக்டரியில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். எல்லாம் வாஸ்தவம்தான். போகிறவர்கள் போனார்கள். ஆனால் போகாமல் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை அவள் எடுத்ததில்லை.

அந்த ஒன்பது நாளில் எடுக்க வேண்டி வந்தது. மைக்கேல்ராஜ் வீட்டுக்குப் போனாள். ஃபாக்டரி உடுப்போடு வாசலில் வந்து நின்றவன், “ஞாயித்துக்கிழமை டியூட்டி இருக்கு, பேஜார் பண்ணாதீங்கம்மா” என்றான். அவன் அப்பனைக் கள்ளு விஷயமாகப் பங்களாவில் சொன்னது அவள்தான். அடுத்த வீட்டுக்காரி உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி சிரித்த முகமாக வரவேற்று, தான் கத்தோலிக்காகி இருபது வருஷமாச்சு என்றாள். செவ்வாய்க்கிழமைக்குள் ஏழு வீடு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரே வீடு. அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் மற்ற ஏழு வீட்டுக்கும் போனாள்.

அது பெட்டியின் வீடு. வெள்ளைக்கார அம்மாள் பெட்டி என்று பேர் வைத்த அவளும், கேத்தரின் வந்த அதே மாட்டுவண்டியில் வந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரே பாயில் படுத்தவர்கள், ஒரு பேன்சீப்பில் தலை வாரிக்கொண்டவர்கள். பெட்டிக்கு நல்ல புருஷன் வாய்த்தான், கிளாரன்ஸ் என்று ஒரு பையனும் பிறந்தான். தொண்ணூற்றெட்டில் பிளேக் வந்தது. காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டவர்களைச் சர்க்கார் ஆள் வந்து இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஷெட்டில் போட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்தது அபூர்வம். கேத்தரினுக்குக் கட்டி கண்டபோது பெட்டிதான் அவளைத் தன் வீட்டு விறகறையில் ஒளித்துவைத்தாள். பதினொரு நாள் கேத்தரினுக்கு நினைவில்லை. பன்னிரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள் நிலைப்படிக்கு மேலே பார்த்தாள். வேப்பிலைக் கொத்து. மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை. அப்போது ஊரெல்லாம் பிளேகம்மா என்று புதுசாக ஒரு சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பையனுக்காக வேண்டிக்கொண்டு பெட்டி கட்டியிருக்கிறாள் என்று கேத்தரினுக்குப் பட்டது. கால் நடுக்கம் நிற்காமலே நேராகப் பங்களாவுக்குப் போனாள், அங்கிருந்து பெட்டி வீட்டுக்குத் திரும்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேத்தரின், ஜெபத்தினால் தான் பிழைத்ததைச் சபையார் முன்னால் சாட்சி சொன்னாள். அதற்கு அடுத்ததாக பெட்டியின் பேர் வாசிக்கப்பட்டது. பெட்டி எழுந்து நின்றாள், ஒன்றும் பேசவில்லை, பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அதற்கப்புறம் அவர்கள் சந்தையில் எதிரெதிரே பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை கேத்தரின் அல்சூருக்கு நடந்தே போனாள். பெட்டி கிளாரன்ஸ் வீட்டு முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“நாப்பத்தஞ்சு வருஷமாச்சு என் வாசலுக்கு வர. யாரு செத்தா?”

“யாரும் சாகல. கோயில் சாவப் போவுது.” கேத்தரின் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஆக, நான் வேணும்னு வரல. ஒரு தலை வேணும்னு வந்திருக்கே.”

பெட்டி முறத்தில் கல் பொறுக்கினாள். “நமக்கு ஞானஸ்நானம் கொடுத்த எடம் அது. அதுக்காக வரேன். வந்து என்னத்த சொல்றதோ சொல்றேன்.”

அதைக் கேட்டதும் கேத்தரினுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை பாதிரியாரிடம், “பெட்டி மனந்திரும்பி வராங்க, சபைக்கு முன்னால ஒப்புக்குவாங்க” என்று தானே பேர் கொடுத்துவிட்டாள். பாதிரியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

ஈஸ்டர் காலையில் கோயிலைக் கேத்தரினே பெருக்கினாள். புறா எச்சம் படிந்த பெஞ்சுகளில் மூன்றை மட்டும் துடைத்தாள். ஆம்ப்ரோஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டி வெள்ளைச் சேலையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் நாலு குரலில் நடந்தது. அப்பமும் ரசமும் வெள்ளைத் துணிக்கடியில் தயாராக இருந்தன. பாதிரியார் தணிந்த குரலில் பெட்டியை முன்னால் கூப்பிட்டார்.

“அம்மா, ரொம்ப நாள் முன்னால உங்க பேரை நிறுத்தி வெச்சிருக்காங்க. விக்கிரகத்துக்கு நேர்ந்துகிட்டீங்கன்னு எழுதியிருக்கு. அது நடந்ததா?”

“நடந்தது.”

“அது தப்புன்னு ஒத்துக்கிறீங்களா? அது போதும்மா. ஒரு வார்த்தை.”

பெட்டி திரும்பிக் கேத்தரினைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“எம்பிள்ளைய அப்ப மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டேன் ஐயா. அவன் வீட்லயே இல்ல, இவ எழுந்தப்புறம்தான் கூட்டியாந்தேன். விறகறைல படுத்துகிட்டிருந்தது இவ. ஒம்போதாம் நாள் மூச்சு அடங்குற மாதிரி ஆயிடுச்சு. ஜெபம் பண்ணி என் வாய் வறண்டுபோச்சு. அப்புறம்தான் எங்க வேணும்னாலும் போவோம்னு போனேன். இவ உசுரோட இருக்கிறத தப்புன்னு நான் எப்படி ஐயா சொல்றது?”

ஆம்ப்ரோஸ் ஒன்றும் கேட்காமல் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதிரியார் கேத்தரினிடம் வந்து காதோடு சொன்னார்.

“நீங்கதான் அன்னிக்குச் சாட்சி. நான் தப்பாப் பார்த்துட்டேன்னு நீங்க சொன்னாப் போதும். அந்த எழுத்தை அடிச்சிடறேன். திருவிருந்து நடக்கும்.”

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு பொய், அதுவும் எல்லாருக்கும் நல்லது செய்கிற பொய். கேத்தரின் வெள்ளைத் துணியைப் பார்த்தாள். மூன்று பேருக்கென்று தானே முந்தாநாள் சுட்ட அப்பம் அதற்கடியில் இருந்தது. ஜெபத்தால் பிழைத்தேன் என்று நாற்பத்தைந்து வருஷமாக எத்தனை அடுப்படியில் சொல்லியிருப்பாள்!

“நான் சரியாத்தான் பார்த்தேன் ஐயா. யாருக்குன்னுதான் கேக்கல” என்றாள். “அவ பேரு இல்லாத எடத்துல என் பேரும் வேணாம். எடுத்துடுங்க.”

பாதிரியார் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தோல் பைக்குள் வைத்தார். ஆம்ப்ரோஸ் மட்டும் கிராதிக்கு முன்னால் போய் முழங்கால் போட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தொட்டு எழுப்பி, கையால் சைகை காட்டிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

வாசலில் கேத்தரின் பெட்டியின் கையைப் பிடிக்கப் போனாள். பெட்டி கையை இழுத்துக்கொண்டாள்.

“ஏன்டி அன்னிக்கே சொல்லல?” என்றாள் கேத்தரின்.

“சொன்னா உன் வேலை போயிருக்கும். ஒளிச்சு வெச்ச நோயாளி, பிளேகம்மா காப்பாத்தின பைபிள் உமன். உன்னை விட்டுவெச்சிருப்பாங்களா? அதனால சபையில சொல்லல. ஆனா அதுக்கு முந்தி நாலு நாள் நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ வந்து யாருக்குடி இதுன்னு கேப்பே, உனக்குத்தான்டி முண்டம்னு சொல்லலாம்னு.” பெட்டி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நீ வரவே இல்ல.”

சொல்லிவிட்டு அல்சூர் பக்கம் நடந்தாள். கேத்தரின் பின்னாலேயே போகவில்லை.

மே மாசம் கோயிலை மூடினார்கள். பெஞ்சுகளைப் பெரிய கோயிலுக்கு ஏற்றிப் போனார்கள். கட்டடத்தை ஒரு மரக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஜட்கா இரண்டு ஞாயிறு வந்து நின்றது, கேத்தரின் ஏறவில்லை. அவள் வேறொரு வேலையில் இருந்தாள். தான் பங்களாவில் பேர் சொன்னவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்ததில் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் இருபத்து மூன்று பேர் மண்ணுக்குள். மூன்று பேர் கோலாரில், இருக்கிறார்களோ இல்லையோ. ஆறு பேர் நடந்து போகிற தூரத்தில் இருந்தார்கள். பெட்டியும் அந்த ஆறில் ஒருத்தி.

மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாள். வேதப் புத்தகம் இல்லாமல் போனாள். அன்றைக்கு அதை ஏன் செய்தாய், என்ன கஷ்டம் உனக்கு, நான் கேட்காமல் போய்விட்டேன், இப்போது சொல் என்று கேட்டாள். எல்லாரும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்று சிரித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.