தலைவிரி கோலமாக ஒரு மரம்

கல்யாணப் புடவை எடுக்க வந்த அம்மாள் தொடாமலே கையை இழுத்துக்கொண்டால், டிசைன் போட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எனக்குப் பல நாள் இறங்கவில்லை. காரணம் பினாங்கில் இருந்த ஒரு பழைய சீனத் தோட்டம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தத் தோட்டத்தைப் பார்த்த எங்கள் சங்கத் தலைவர்.

பிள்ளைகளே, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு டிசைன் மேஜை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூவும் பட்சியும் நிரப்பிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத் தறிக்கான அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அட்டை சொன்னபடி தறி நெய்யும். தலைவருக்கு அரிசி மில். தறிக்குழியில் அவர் கால் பட்டது, ஒருமுறை தவறி விழுந்தபோதுதான்.

1. மூலவர் இல்லாத இடம்

சீனாவோடு சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. கைத்தறிக் கண்காட்சிக்காகப் பினாங்குக்குக் கப்பலில் போனோம். அங்கே ஜவுளிக்கடையில் இருந்த கண்ணையன் என்ற நம் ஊர்க்காரர்தான் எங்களை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்துச் சீன வியாபாரி ஒருவர் தன் சொந்த ஊர்த் தோட்டங்களைப் போலவே கட்டியதாம்.

வளைந்த கூரையைப் பார்த்ததும் தலைவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"மூலவர் எங்கபா?"

"கோயில் இல்லீங்க, தோட்டம்."

"தோட்டத்துக்கு இன்னாத்துக்குபா கோபுரம்?"

குளத்தின் மேல் வளைந்து வளைந்து ஒரு பாலம் போனது. மீனைப் பார்த்தபடி மெதுவாக நடக்கத்தான் அப்படி என்றார் கண்ணையன். தலைவர் நம்பவில்லை. "நேரா போட்டிருந்தா சட்டுனு முடிஞ்சிருக்கும். காண்ட்ராக்டர் நல்லா ஏமாத்திக்கீறான்."

கரையில் ஓட்டை ஓட்டையாக ஆளுயரக் கல் ஒன்று. சீனாவில் ஏதோ ஏரியிலிருந்து கப்பலில் வந்ததாம். "கல்லைக் கப்பல்ல ஏத்திக்கினு வந்தானா! நம்ம ஊர்ல ஜல்லிக்கு உடைக்கிறான்" என்றார் தலைவர். அதன் பக்கத்தில், கிளைகளையெல்லாம் தண்ணீர்வரை தொங்கவிட்டபடி ஒரு மரம். பிரிந்து போகிறவர்களுக்கு அதில் ஒரு கிளை ஒடித்துக் கொடுப்பது சீனர் வழக்கம் என்று தோட்டக்காரக் கிழவர் சொன்னதைக் கண்ணையன் மொழிபெயர்த்தார்.

"வழி அனுப்புறதுக்கா? கல்யாணத்துல நாம பொண்ணை வழி அனுப்புறதில்லையா? பொருத்தம்!" என்று என் பக்கம் திரும்பினார் தலைவர். "மரம், கல்லு ரெண்டையும் முந்தானைல ஏத்து. மாசி முகூர்த்தத்துக்கு சரக்கு ரெடியாவணும். ஓடலைன்னா, உன் மேஜைக்கு என் மச்சான் பையன் ரெடியா கீறான்."

எனக்கும் மரம் அழகாகத்தான் தெரிந்தது. ஏற்றினேன்.

2. முந்தானையில் ஒருத்தி

தென்னேரியிலிருந்து ஓர் அம்மாள் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார். விற்பனையாளர் முந்தானையை விசிறினார்.

"இன்னாபா இது, தலைய விரிச்சுப் போட்டுக்கினு நிக்குது?"

"மரம்மா. சைனா மரம்."

"மரமோ மட்டையோ! தாலி கட்டுற நேரத்துல முந்தானைல தலைவிரி கோலமா ஒருத்தி நிக்கணுமா? சுருட்டுபா அத்தை!"

அதற்குப் பிறகு எனக்கும் அது மரமாகத் தெரியவில்லை. ஊரே பேய்ப் புடவை என்றது. பாதி நெய்த புடவை தறியில் இருந்த வீடுகளில், "இத்தை வச்சிக்கினு வெளக்கேத்த முடியாது" என்று பெண்கள் துணி போட்டு மூடினார்கள். தலைவர், "டிசைன் போட்டவனைக் கேளுங்க" என்று மில்லுக்குப் போய்விட்டார். மச்சான் பையன் வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இங்க காத்தே வரலையே. ஃபேன் போடுவாங்களா சார்?" என்று என்னையே கேட்டான்.

3. ஆடி மாசம்

ஆடி பிறந்ததும் தென்னேரி அம்மாள் திரும்பி வந்தார்.

"ஏம்பா, அந்தத் தலைவிரிச்சவ புடவை கீதா? அதுல அவ பக்கத்துல ஒரு புத்து இருந்துதே?"

"அது கல்லும்மா" என்ற விற்பனையாளரின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன்.

"புத்துதாம்மா" என்றேன்.

"அத்தைத்தான் பாத்தேன். எங்க நாகாத்தம்மனுக்கு சாத்தணும். புத்தாண்ட நிக்கிறவ அவளேதான். அவளுக்குத் தலைய விரிச்சாத்தான் அழகு."

அம்மனுக்குச் சாத்தியதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். அம்மன் என்றதும் தறிகளின் மேலிருந்த துணி தானாக விலகியது. பொதுக்குழுவில் மாலை போட்டுக்கொண்டு தலைவர் பேசினார்: "நம்ம அம்மனை நான் கடல் தாண்டிப் போய்க் கண்டுபிடிச்சேன்!" கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

டிசைன் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் என்ன வரைந்தீர்கள் என்று எந்தப் புடவையும் பக்கத்தில் நின்று சொல்லாது. கட்டுகிறவள் கண்ணுக்கு எது தெரிகிறதோ, அதுதான் டிசைன். கட்டத்தில் முதல் புள்ளி வைக்குமுன் அவளை நினையுங்கள்.

மேஜை எனக்கே நின்றது. மச்சான் பையனுக்கு மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார் தலைவர். அங்கே ஃபேன் உண்டு. அவனை வழி அனுப்பும்போது சீனர் வழக்கம் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸ் வாசலில் இருந்தது வேப்பமரம்தான். ஒரு கொத்து ஒடித்துக் கையில் கொடுத்தேன்.