மாயாண்டி வீட்டுச் சின்னத் துரை

மாயாண்டி வீட்டைக் கூட்டுவதற்கு முன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். அதன் பிறகுதான் விளக்குமாறு கைக்கு வரும். இரண்டு வீச்சு கூட்டியதும், தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி, "வேலாயி, அந்த அலுமாரிக்கிட்ட நல்லா கூட்டு புள்ள!" என்று குரல் கொடுப்பார். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மனைவி வேலாயி அதைவிட உரத்த குரலில், "நீங்க மொதல்ல கட்டிலுக்கு அடியில கூட்டுங்க!" என்பார். அந்த வீட்டில் விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்பதில் எங்கள் டிக்கோயாத் தெருவில் யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

நான் பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, இந்த மலைநாட்டுக் குளிருக்குப் பழகி, இங்கேயே தங்கிவிட்டவன். ஒருநாள் கேட்டேன்: "அண்ணை, வீடு கூட்டுறதுக்கு ஏன் கதவைச் சாத்துறியள்?"

"காத்து வருது மாஸ்டர்," என்றார். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தலையில் மயிர் குறைவு, காதுகளில் தாராளம். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று காலமெல்லாம் பிரித்ததால், எதைக் கண்டாலும் தரம் பிரிக்கிற குணம் வந்துவிட்டது. வீட்டுக் குப்பையைக்கூட விடமாட்டார். முறத்தில் அள்ளிய தேங்காய்ப்பூவைப் பார்த்து, "இது பேக்கோ, பெரிய எல" என்பார். பொடிப்பொடியாகக் கிடப்பதைக் காட்டி, "இது சுத்தமான டஸ்ட்டு. ஏலத்துக்கே அனுப்பலாம்" என்பார். மனிதர்களுக்கும் தரம் உண்டு. என்னைப் பற்றி அவர் சொன்னது: "மாஸ்டர் நல்ல எலதான். என்ன, கொஞ்சம் அதிகமா வாட்டிட்டாங்க."

அந்த வீட்டின் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்புச் சீமெந்துத் தரை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையில் சாணம் மெழுகியே பாதி வாழ்க்கையைக் கழித்த வேலாயிக்கு, சொந்த வீடு என்றால் கூரையோ சுவரோ அல்ல, இந்தத் தரைதான். சிவப்புப் பொலிஷ் பூசி, பாதி தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, இடுப்பில் கையூன்றி அறை முழுக்க ஆடி ஆடித் தேய்ப்பார். குனிந்து பார்த்தால் நம் மூக்கு தெரியும்.

சென்ற ஆண்டு, 2008 கடைசியில், வேலாயியின் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்துத் தேய்ந்த கால். குனியக் கூடாது, குந்தக் கூடாது, ஆனால் தினமும் வெளியே நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டுக்கும் வேலாயி தலையாட்டினார். மூன்றாவதற்கு மாட்டேன் என்றுவிட்டார். காரணம், நடக்கக் கொடுத்த கைத்தடி.

"மலையில கெடந்த காலத்துலயே கம்பு ஊனாதவ நான். இப்ப டவுனுல ஊனிக்கிட்டுப் போகவா? நாலு பேரு பாத்துச் சிரிக்கவா?"

மாயாண்டி என்னென்னவோ செய்து பார்த்தார். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார். அக்கரப்பத்தனையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வாசல்வரை வாகனம் வரும் என்றார். எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கூட்டித் தருகிறோம் என்றபோது அதற்கும் வேலாயி சம்மதிக்கவில்லை. அவருடைய தரையில் இன்னொருத்தி விளக்குமாறு படுவதா? ஆகவே விளக்குமாறு மாயாண்டியிடம் வந்து சேர்ந்தது. அவருக்கோ இடுப்பு வலி.

எப்போதும் பகிடி பேசுகிற மனிதர், ஒருநாள் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கால் மடங்க மாட்டேங்குது மாஸ்டர். நேத்து புடிச்சுப் பாத்தேன். கட்ட மாதிரி இருக்கு." பிறகு வேலியில் தளர்ந்திருந்த ஒரு கம்பை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்யும் மகள் ஜீவராணிதான் தொலைபேசியில் வழி சொன்னாள். "அப்பா, இங்க மேடம் வூட்டுல ஒரு மெசின் இருக்கு. வட்டமா, ஆம மாதிரி. தானா ஓடித் தானா கூட்டும். வெல கொறஞ்சதும் இருக்காம். நம்ம வூட்டுல என்ன கார்பெட்டா போட்டிருக்கு? வெறுஞ் சிமெந்துதான, கொறஞ்சதே போதும். ஆனா தூசிய உறிஞ்சுதான்னு பாத்து வாங்குங்க. செலது பிரஷ்ஷால தள்ளி மட்டும் வுடும்."

இந்த அறிவுரையில் மாயாண்டியின் மனதில் பதிந்தது ஆமை மட்டும்தான்.

ஹட்டனில் அழகனுடைய மின்சாமான் கடையில் அப்படி இரண்டு ஆமைகள் இருந்தன. இரண்டும் மலிவு ரகம். ஒன்று கறுப்பு, பளபளப்பு. சுற்றிலும் நீல விளக்கு ஓடும். கிளம்பும்போது பாட்டுப் பாடும். ரிமோட்டும் உண்டு. மற்றது சாம்பல் நிறம். சோற்றுத் தட்டைக் கவிழ்த்தது போலத் தட்டையாக, ஒரே ஒரு பொத்தானோடு கிடந்தது. மாயாண்டி ரிமோட்டைக் கையில் வாங்கினார். அத்தோடு முடிந்தது விஷயம். பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்லக் கூடப் போன நானும் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

"புடிக்கலன்னா கொண்டாங்க மாமா, மாத்தித் தாறேன்," என்றார் அழகன்.

அன்று மாலை மாயாண்டி வீட்டு முன்கதவு அகலத் திறந்தது. இயந்திரம் கூட்டுவதைப் பார்க்கத் தெருவே வரலாம் அல்லவா? வந்தது. ரிமோட்டைப் பிடித்தபடி, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா நிற்பதுபோல விறைப்பாக நின்று, பொத்தானை அமுக்கினார். இயந்திரம் பாட்டுப் பாடியது. சுழன்றது. தரையில் கிடந்த தேங்காய்ப்பூவை அழகாக நாலு மூலைக்கும் வீசியது. கட்டிலுக்கடியில் நுழையப் போய், தலை முட்டிப் பின்வாங்கியது. மூன்று தரம் முட்டியது. பிறகு வழி கண்டுபிடித்ததுபோல நேரே வாசலுக்கு ஓடி, விறாந்தையைக் கடந்து, படியிலிருந்து பாய்ந்து, அந்தூரியப் பூச்சட்டிகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தது. விழுந்தும் நீல விளக்கு நிற்கவில்லை.

"நில்லு! ஏய், நில்லுடா!" மாயாண்டி ரிமோட்டைத் துப்பாக்கிபோல நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் எனக்கு என்னவென்று விளங்கவில்லை. வேலாயி சிரித்துக்கொண்டிருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"இதையா பாத்து பாத்து வாங்கிட்டு வந்தீங்க? ஒங்கள கடைக்கு அனுப்பினேனே, என்னச் சொல்லணும்!"

மாயாண்டிக்கு ரோசம் வந்துவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. "அப்ப நீயே வந்து பாத்து வாங்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வேலாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நாளைக்குத் திரீவீல் ஒன்னு கூப்புடுங்க," என்றார் வேலாயி. "இந்தச் சனியனப் பொட்டியில போடுங்க. அந்தக் கம்ப இங்க எடுங்க."

கைத்தடியை அவராகக் கேட்டது அதுவே முதல்முறை. மாயாண்டி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். வேலாயி அதைக் கட்டிலோரமாகத் தரையில் நிறுத்தி, கட்டில் சட்டத்தின் அடிவிளிம்பு வரும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "மெசினு இதுக்கு மேல ஒசரமா இருந்தா வேணாம்," என்றார்.

மறுநாள் நானும் போனேன். பெட்டி சுமக்க ஒருவர் வேண்டுமே. வேலாயி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கைத்தடியோடு திரீவீலிலிருந்து இறங்கினார். கடைக்குள் கதிரையில் உட்கார்ந்தவர், மடியிலிருந்து ஒரு காகிதச் சரையை எடுத்து அதிலிருந்ததை அழகனின் பளிங்குத் தரையில் உதறினார். தேங்காய்ப்பூ, ரொட்டி மா, தேயிலைத் தூள், நரைத்த மயிர். எல்லாம் அவர் வீட்டுக் குப்பை.

"ஐயோ அத்தை, இப்பதான் தொடச்சேன்!" அழகன் தலையில் கை வைத்தார்.

"அப்ப ஒன் மெசினு மறுபடி தொடைக்கட்டும். அந்தச் சாம்பல் கலர எடு."

கைத்தடியை அதன் பக்கத்தில் நிறுத்தினார். இயந்திரத்தின் முதுகு நூலுக்குக் கீழே நின்றது. திருப்பிக் காட்டச் சொன்னார். கறுப்பின் வயிற்றில் பெரிய உருளைப் பிரஷ் இருந்தது. இதில் ஓரத்தில் சின்னதாக ஒன்றும் நடுவில் உறிஞ்சுகிற வாயும் மட்டும்தான். பொத்தானை அமுக்கியதும் உர்ரென்று போய்த் தேங்காய்ப்பூவை விழுங்கியது. மாவை விழுங்கியது. மயிரை இரண்டாவது சுற்றில்தான் எடுத்தது. அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இயந்திரம் வாசற்படியை நோக்கிப் போனது. அழகன் பாய்ந்து படிக்குக் கீழே போய், பந்து பிடிப்பவர்போல இரண்டு கையையும் ஏந்தி நின்றார். விளிம்பில் அது தயங்கியது. பின்வாங்கியது. திரும்பி உள்ளே வந்தது.

யாரோ கை தட்டினார்கள். அரிசிக்குக்கர் வாங்க வந்த சிங்களப் பெண்ணொருத்தி, "ஹரி லஸ்ஸனய்!" என்று அதன் அழகை வியந்தாள். வேலாயி நிமிர்ந்து உட்கார்ந்து, "அபே கெதரட்ட" என்றார். எங்கள் வீட்டுக்கு என்று சொன்ன அந்தச் சொல்லில் அப்படியொரு மிடுக்கு.

"இதுல வெளக்கு ஓடாது அத்தை. பாட்டும் கெடையாது," என்றார் அழகன்.

"பாட்டுக் கேக்க வூட்டுல றேடியோ இருக்கு."

மாயாண்டி மட்டும் ரிமோட்டை இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

வெளியே வந்ததும் திரீவீலைக் கூப்பிடப் போனவரை வேலாயி தடுத்தார். "வந்தது வந்துட்டோம். அப்படியே கடத்தெருவ ஒரு சுத்து பாத்துட்டுப் போவோம். வளவிக் கட இன்னும் அங்கயேதான இருக்கு?" கைத்தடி முன்னே, மாயாண்டி பக்கத்தில், பெட்டியோடு நான் பின்னால். வழியில் பழைய சிநேகிதிகள் மறித்து மறித்துப் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கைத்தடியை வாங்கிப் பார்த்து, "எங்க வாங்குன? எனக்கும் முட்டி புடிக்குது" என்றாள்.

அதிலிருந்து வேலாயி தினமும் நடக்கிறார். முதலில் தெருமுனை, பிறகு பாலம், இப்போது கோயில்வரை. கால் மடங்குகிறது. கிளினிக்கில் பாராட்டினார்களாம். மாயாண்டி அதை என்னிடம் சொன்னபோது குரலைத் தாழ்த்தவில்லை.

இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் சின்னத் துரை; தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள். "குனியாம நிமிராம சுத்தி வர்றவன்தான தொரை? ஆனா இவன் சுத்தி வந்து வேலயும் செய்றான். அதான் சின்னத் தொரை. பெரிய தொரையா ஆனா அதுவும் செய்ய மாட்டான்." அது ஓடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடப்பார். விட்ட இடத்தைக் காட்டுவார். "ஏப்பா, இந்த டஸ்ட்ட யாரு எடுப்பா?" அது குறையில்லாத துரை அல்ல. கதிரைக் கால்களுக்குள் மாட்டிக்கொண்டு முனகும். மழைக்காலத்தில் தரை வியர்த்தால் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றும். புதிதாகப் பொலிஷ் பூசிய அன்று தரையெல்லாம் கோடு கிழித்து, வேலாயியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மூலைகளுக்கு இன்னும் மாயாண்டிதான்.

போன வாரம் ஒரு மத்தியானம், ஜீவராணியின் கடிதமொன்று தவறி என் வீட்டுக்கு வந்திருந்ததைக் கொடுக்கப் போனேன். வேலாயி கோயில்வரை நடந்து வந்த களைப்பில் கதிரையில் சாய்ந்து, காலைத் தரையில் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். சின்னத் துரை அலுமாரிப் பக்கம் திரும்பி, நேரே அந்தக் கால்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாயாண்டி என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வேலாயியின் இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் ஏந்தி, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினார். இயந்திரம் அவற்றுக்கடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. சுவரில் முட்டியது. திரும்பி மறுபடியும் வந்தது. அவர் கைகளை இறக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.